எலெக்ட்ரிக் கிடாரின் ஒலியில் மரத்தின் பங்கு எவ்வளவு?

எலெக்ட்ரிக் கிடார் வாங்க நினைப்பவர் விலைப்பட்டியலைப் புரட்டியதுமே மரங்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆல்டர் என்றால் சமன்பட்ட ஒலி, ஆஷ் என்றால் கணீரென்ற ஒலி, மகோகனி என்றால் கனிந்து தடித்த ஒலி, மேப்பிள் என்றால் கூர்மையான ஒலி என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் எழுதப்பட்டிருக்கும். இவை வெறும் விற்பனைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வாசிப்பவர்களும் செய்பவர்களும் பல பத்தாண்டுகளாகத் தம் காதால் கேட்டதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்ட வேறுபாட்டுக்கு மரம்தான் காரணமா, அல்லது அந்த மரத்தோடு எப்போதும் சேர்ந்தே வரும் வேறு பொருள்கள் காரணமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தேட வேண்டுமானால், இக்கருவியில் ஒலி எந்த இடத்தில் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அகூஸ்டிக் கிடாரில் தந்தியின் அதிர்வு, அதை உடலின் மேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குச் செல்கிறது. ஸ்ப்ரூஸ் போன்ற லேசான மரத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்பட்ட அந்தப் பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. நம் காதுக்கு வருவது அந்தப் பலகையின் ஒலியே. மரத்தை மாற்றினால் ஒலி மாறும் என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் இல்லை. எலெக்ட்ரிக் கிடாரில் அந்த வேலையைப் பிக்கப் எடுத்துக்கொள்கிறது. பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, தலைமுடியைப் போல் மெல்லிய செப்புக்கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்து, இன்று பள்ளி இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த மின்னழுத்தமே கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, பிக்கப் ஒலிவாங்கியைப் போலக் காற்றின் அசைவைக் கேட்பதில்லை என்பது. அதன் மேல் நைலான் தந்தியைக் கட்டி எவ்வளவு பலமாக மீட்டினாலும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஏறக்குறைய எதுவும் வராது. பிக்கப்பைப் பொறுத்தவரை உலகத்தில் இருப்பது தன் மேலே ஆடும் எஃகு மட்டுமே. மரத்தின் ஒலி என்று ஒன்று இருந்தாலும், அந்தத் தந்தியின் ஆட்டத்தை மாற்றுவதன் மூலமாகத்தான் அது ஆம்ப்ளிஃபையரை எட்ட முடியும்.

வரலாறும் இதற்கு ஒத்தே நடந்திருக்கிறது. விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிடார் என்று கருதப்படும், 1932-இல் சந்தைக்கு வந்த ரிக்கன்பாக்கரின் 'ஃபிரையிங் பேன்', மடியில் வைத்து வாசிக்கும் வகை. அதன் உடல் முழுக்க வார்ப்பு அலுமினியம். கிப்சன் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த இஎஸ்-150 போன்ற கிடார்கள் உள்ளே வெற்றிடமுள்ள மரக்கூடு போன்ற உடல் கொண்டவை. அவற்றில் பிக்கப்பைப் பொருத்தி ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மேல்பலகையை அதிரச் செய்து, அந்த அதிர்வு மீண்டும் தந்திக்குப் போய், கடைசியில் கருவி ஊளையிடத் தொடங்கும். இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் கிடார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நான்கங்குலச் சதுரமான பைன் மரக்கட்டையில் தந்தியையும் பிக்கப்பையும் பொருத்தி, பார்வைக்குக் கிடார் போல இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பழைய கிடாரின் இறக்கைகளை ஒட்டினார். லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கெட்டியான பலகை உடலும் இதே நோக்கத்துக்கு வழி செய்தது. மரம் குறுக்கே வந்து பேசக் கூடாது என்பதற்காகப் பிறந்த கருவிக்கு, மரமே குரல் கொடுக்கிறது என்று பின்னாளில் புகழ் சேர்ந்தது சற்று வேடிக்கையான திருப்பம்தான்.

அப்படியானால் மரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு; அது நுழையும் வழி வேறு. தந்தி இரண்டு முனைகளுக்கு இடையே அதிர்கிறது. ஒரு முனை பிரிட்ஜ். மறுமுனை, தலைப்பகுதியை ஒட்டித் தந்தியைத் தாங்கும் நட், அல்லது விரல் அழுத்தும் இடத்தில் குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கம்பியான ஃப்ரெட். இந்த முனைகள் துளியும் அசையாத பாறையாக இருந்தால், தந்தியின் ஆற்றல் அவற்றின் வழியே வெளியேறவே முடியாது. காற்றின் தடையாலும் தந்தியின் உள்ளுராய்வாலும் மட்டுமே ஒலி மெல்ல அடங்கும். உண்மையில் மரமும் உலோகமும் சேர்ந்த அந்த முனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைகின்றன. கிடாரின் உடலுக்கும், விரல்கள் ஓடும் நீண்ட கழுத்தான நெக்குக்கும் தமக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. தந்தியின் அதிர்வெண் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போகும்போது, முனை சற்று அதிகமாக அசைந்து, தந்தியின் ஆற்றலை மரம் குடித்துவிடுகிறது. ஆகவே கெட்டி உடல் கிடாரில் மரம் ஒலியைக் கூட்டித் தருவதில்லை. சில அதிர்வெண்களில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறது. மரத்துக்கு மரம் ஒலி வேறுபடுவதாக இருந்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கழிகிறது என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்க முடியும்.

ஆம்ப்ளிஃபையரில் இணைக்காத எலெக்ட்ரிக் கிடாரை எடுத்து, தந்தியொன்றை மீட்டியபடி அதன் தலைப்பகுதியை மரத்தாலான அலமாரிக் கதவில் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் இது புலப்படும். அதுவரை கொசு ரீங்காரம் போலக் கேட்ட ஒலி சட்டென்று அறை முழுக்கக் கேட்கும். தந்தியின் ஆற்றல் நெக் வழியாகக் கதவுக்குப் போகிறது. இத்தனை நேரம் கிடாரின் மரம் அதை வெளியே விடாமல் திருப்பித் தந்திக்கே அனுப்பிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கும். கெட்டி உடல் கிடாரில் சுரம் நெடுநேரம் நீடிப்பதற்கும், அகூஸ்டிக் கிடாரில் விரைவில் அடங்கிவிடுவதற்கும் காரணம் இந்த வேறுபாடே.

மரம் ஆற்றலைக் குடிப்பதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, வாசிப்பவர்கள் டெட் ஸ்பாட் என்று அழைக்கும் செத்த இடங்கள். ஃபெண்டர் வகை பேஸ் கிடார்களில் ஜி தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டுக்கும் 7-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் சுரம் எழுந்த உடனேயே மங்கிவிடுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அந்தச் சுரங்களின் அதிர்வெண் ஏறத்தாழ 130 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை. நீண்டு மெலிந்த நெக்கின் இயல்பு அதிர்வெண்களில் ஒன்று பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. தலைப்பகுதியில் ஒரு துணியைச் சுற்றி, தச்சர்கள் பலகை இறுக்கப் பயன்படுத்தும் சிறிய கிளாம்ப் ஒன்றைப் பூட்டினால், எடை கூடியதால் நெக்கின் இயல்பு அதிர்வெண் இறங்கி, செத்த இடமும் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகர்ந்துவிடும். இதற்காகவே தலைப்பகுதியில் மாட்டும் எடைத்துண்டுகள் கடைகளிலும் கிடைக்கின்றன. ஜெர்மனியில் ஹெல்முட் ஃபிளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990-களில் நெக்கின் வெவ்வேறு இடங்களை அதிரச் செய்து அளந்தபோது, செத்த இடங்களுக்குக் காரணம் பெரும்பாலும் நெக்கின் அசைவே என்பதைக் காட்டினார்கள். பிரிட்ஜ் அமர்ந்திருக்கும் பக்கம், கனமான உடலின் காரணமாக, ஒப்பிட்டளவில் அசைவது குறைவு.

இதிலிருந்து தொடக்கநிலையினர் பலருக்கும் வியப்பூட்டும் ஒன்று கிடைக்கிறது. விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது உடலின் மரம். தந்தியின் மீது கூடுதலாகக் கைவைப்பதோ நெக்கின் மரம். அதிலும் மரத்தின் இனத்தைவிட நெக்கின் கனம், நெக் வளையாமல் காக்க உள்ளே ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடின் எடை, தலைப்பகுதியின் அளவு, டியூனிங் சாவிகளின் எடை ஆகியவை சேர்ந்தே அதன் இயல்பு அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு மேப்பிள் நெக்குகளுக்குச் செத்த இடம் வேறு வேறு ஃப்ரெட்டுகளில் அமைவதும் இதனால்தான்.

இனி, பட்டியலில் வழக்கமாக வரும் மரங்களைப் பார்க்கலாம். அவை எப்படி ஒலிக்கின்றன என்று கேட்பதற்கு முன், அவை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று கேட்பது அதிகப் பயன் தரும். ஃபெண்டர் தொடக்கக் காலத்தில் பைன் மரத்தில் மாதிரிகள் செய்து பார்த்துவிட்டு ஆஷ் மரத்துக்கு மாறியது. 1954-இல் வந்த அதன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரும் முதலில் ஆஷ்தான்; 1956 முதல் பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆல்டருக்கு மாறின. ஆல்டர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தாராளமாகக் கிடைத்தது. கன மீட்டருக்குச் சுமார் 450 கிலோகிராம் என்ற அளவில் லேசானது. அறுக்கவும் கடையவும் எளியது. நுண்துளைகள் சிறியவை என்பதால் அவற்றை நிரப்பும் வேலை குறைந்து, வண்ணம் சீராக ஏறியது. மரவரி தெரியும்படி வெளிர் மஞ்சள் பூச்சு பூசும் கிடார்களுக்கு மட்டும், வரி அழகாகத் தெரியும் ஆஷ் தொடர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஒரு தொழிற்சாலைக் கணக்கில் இது முற்றிலும் நியாயமான முடிவு. இதில் காது எங்கே வருகிறது என்று தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது.

மிச்சிகன் மாநிலத்தில் இருந்த கிப்சனுக்கு வேறு மரபு. அது மாண்டலினும் அகூஸ்டிக் கிடாரும் செய்து வளர்ந்த நிறுவனம். மகோகனி அதன் கிடங்கில் எப்போதும் இருந்த மரம்; திருகாமல், பிளக்காமல், உளிக்கு இதமாக இருக்கும் மரம். 1952-இல் வந்த லெஸ் பால் கிடாரின் உடல் மகோகனி. அதன் மேல் வயலினைப் போல வளைத்துச் செதுக்கிய மேப்பிள் மூடி. மகோகனி கன மீட்டருக்கு ஏறத்தாழ 590 கிலோகிராம், மேப்பிள் 700-ஐ ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்த கிடார் நான்கு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தோள் வலிக்கிறது என்ற புகாரால், 1980-களின் தொடக்கத்திலிருந்து கிப்சன் உடலுக்குள் துளைகள் குடைந்து எடையைக் குறைக்கத் தொடங்கியது. 1958-இல் அது வெளியிட்ட கூர்மையான வடிவமுள்ள ஃபிளையிங் வி, எக்ஸ்புளோரர் ஆகியவற்றுக்குக் கொரினா என்ற ஆப்பிரிக்க மரம் பயன்பட்டது. பாஸ்வுட்டோ 1980-களில் ஜப்பானியத் தயாரிப்புகளோடு பரவிய மரம். நகம் பதியும் அளவுக்கு மென்மையானது, விலை குறைந்தது. அதனாலேயே மலிவு மரம் என்ற பெயர் வந்தது. ஆனால் கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ஜெம் கிடாரின் உடலும் பாஸ்வுட்தான்; அவர் வாசிப்பைக் கேட்டு மரம் மலிவு என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது மகோகனியின் கனிந்த ஒலி, ஆல்டரின் தெளிந்த ஒலி என்னும் பேச்சுக்கு வருவோம். மகோகனி ஒலி என்று பலர் மனத்தில் பதிந்திருப்பது லெஸ் பால் கிடாரின் ஒலி. ஆல்டர் ஒலி என்று பதிந்திருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒலி. இந்த இரண்டுக்கும் இடையே மரம் மட்டுமா வேறுபடுகிறது? லெஸ் பாலில் தந்தியின் அளவுநீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான நீளம், 24.75 அங்குலம் என்று குறிக்கப்படுகிறது, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5 அங்குலம். அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதிக்கு இழுத்தால் நீளமான கிடாரில் இழுவிசை சுமார் 6 விழுக்காடு கூடுகிறது. ஒன்றில் நெக் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மற்றதில் நான்கு திருகுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. ஒன்றின் பிரிட்ஜ் இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது; மற்றதன் பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளின் பிடியில் மிதக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிக்கப் வேறு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச் சுருள். லெஸ் பாலில் 1957 முதல் வந்தது ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள். கிப்சனின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்தது. இரண்டு சுருள்களையும் எதிரெதிராக இணைத்து, மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலை ஒன்றையொன்று அழிக்கச் செய்வது அதன் தந்திரம். அது தந்தியின் அகலமான பகுதியை ஒரே நேரத்தில் உணர்வதால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மிக உயர்ந்த மேற்சுரங்களில் சில பாதியிலேயே அழிகின்றன; சுருளின் தூண்டல் எண் கூடுவதால் உயர் அதிர்வெண்கள் மேலும் தணிகின்றன. கனிந்து தடித்த ஒலி என்று சொல்வது இதைத்தானே!

இதை உறுதிப்படுத்த, வரலாறே நமக்காக இரண்டு சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் லெஸ் பாலும் 1957-ஆம் ஆண்டின் லெஸ் பாலும் ஒரே மகோகனி, ஒரே மேப்பிள், ஒரே வடிவம். மாறியது முக்கியமாகப் பிக்கப் மட்டுமே. முந்தையதில் இருந்த பி-90 என்ற ஒற்றைச் சுருளின் ஒலி சற்று உறுமலும் கீறலும் உடையது. பிந்தையதன் ஒலி வழவழப்பானது. கண்ணை மூடிக் கேட்டால்கூட எளிதில் பிரித்தறியக்கூடிய வேறுபாடு அது. மறுபுறம், 1956 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் ஆஷிலிருந்து ஆல்டருக்கு மாறியபோது, பிக்கப்பும் பிரிட்ஜும் நெக்கும் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தன. அந்த வேறுபாட்டைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்களே ஒழிய, பி-90-க்கும் ஹம்பக்கருக்கும் உள்ள இடைவெளியோடு அதை ஒப்பிட எவரும் துணிவதில்லை. பிக்கப் மாறினால் கருவியே மாறுகிறது. மரம் மாறினால் விவாதம்தான் வளர்கிறது.

மரத்தை வழக்கமான முறையில் தேர்ந்தெடுக்காத, சில சமயம் மரத்தையே விட்டுவிட்ட கிடார்களும் சாட்சிக்கு நிற்கின்றன. 1950-களின் நடுவிலிருந்து டேன்எலெக்ட்ரோ நிறுவனம் மரச்சட்டத்தின் மேல் மேசனைட் எனப்படும் அழுத்திய நார்ப்பலகையை அறைந்து விலை குறைந்த கிடார்களைச் செய்தது. அவற்றில் ஒன்றை லெட் செப்பெலின் இசைக்குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார். டான் ஆம்ஸ்ட்ராங் 1969-இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக வடிவமைத்த கிடாரின் உடல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். டிராவிஸ் பீன் 1970-களில் நெக்கையே அலுமினியத்தில் செய்தார். ஸ்டைன்பெர்கர், தலைப்பகுதியே இல்லாத பேஸ் கிடாரைக் கார்பன் இழையில் வார்த்தார். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே தம் தந்தையோடு 1963-இல் செய்யத் தொடங்கிய கிடாரின் நெக், பழைய வீடொன்றின் கணப்படுப்புச் சட்டமாக இருந்த மகோகனி. இவை எல்லாமே எலெக்ட்ரிக் கிடாராகத்தான் ஒலிக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கிடார் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார்: இரண்டு மேசைகளுக்கு நடுவே வெறும் காற்றில் தந்திகளை இழுத்துக் கட்டி, அதே அளவுநீளத்தில், அதே இடத்தில், அதே உயரத்தில் பிக்கப்பை நிறுத்தி வாசித்துப் பதிவுசெய்தார். உடலும் நெக்கும் இல்லாத அந்த அமைப்பின் ஒலியை, ஒப்பீட்டுக்காக அவர் எடுத்துக்கொண்ட விலை உயர்ந்த கிடாரின் ஒலியிலிருந்து பிரித்தறிவது மிகக் கடினமாக இருந்தது.

இதை வைத்து மரத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று அடித்துச் சொல்வதும் அவசரமே. செத்த இடங்களை அளவுகோலால் அளக்க முடிகிறது. அவை மரத்தாலும் நெக்கின் அமைப்பாலும் வருபவை. 1958-இல் வந்த கிப்சன் இஎஸ்-335 போன்ற அரைக்கூட்டுக் கிடார்களில் நடுவே ஒரு கட்டையும் இருபுறமும் வெற்றிடமும் இருப்பதால், ஆம்ப்ளிஃபையரின் அருகில் நின்று ஒலியைக் கூட்டும்போது மேல்பலகை உயிர்பெற்றுத் தந்தியோடு உரையாடும். அங்கே உடலின் அமைப்புக்கு நல்ல பங்கு உண்டு. கெட்டி உடலிலும் பங்கு பூஜ்யம் அன்று. பிக்கப், தந்தி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் பங்கோடு பார்க்கையில் சிறியது என்பதே சரியான கூற்று. கிடாரை மடியில் வைத்து வாசிப்பவருக்கு உடலின் அதிர்வு விலா எலும்பில் தெரியும். அந்த உணர்வு அவர் வாசிப்பை மாற்றலாம். வாசிப்பு மாறினால் ஒலியும் மாறும். கேட்பவருக்கு எட்டாத ஒன்றை வாசிப்பவர் உணர்வது பொய்யாகிவிடாது.

மரத்தின் பெயரை நம்பித் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெயர் ஒன்று, பொருள் பல. மகோகனி என்று எழுதியிருந்தால் அது நடு அமெரிக்காவின் அசல் மகோகனியாக இருக்கலாம், ஆப்பிரிக்காவின் காயாவாக இருக்கலாம், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஆசிய மரமாகவும் இருக்கலாம். பிலிப்பைன் மகோகனி என்பது மகோகனியின் உறவே அன்று. அசல் மகோகனியிலும் ஒரு மரத்தின் அடிப்பகுதிக்கும் நுனிப்பகுதிக்கும் அடர்த்தி மாறும். மேட்டில் வளர்ந்த ஆஷும் சதுப்பில் வளர்ந்த ஆஷும் எடையில் வெகுதூரம் விலகி நிற்கும். சதுப்பு ஆஷ் என்ற லேசான வகை மிசிசிப்பி ஆற்றின் தாழ்நிலங்களிலிருந்து வருவது. வெள்ளப்பெருக்கு நீண்டதாலும், மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு பரவியதாலும், வழக்கமான தயாரிப்புகளில் ஆஷ் பயன்பாட்டைக் குறைப்பதாக ஃபெண்டர் 2020-இல் அறிவித்தது. ஓர் இனத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, இனத்தின் பெயர் ஒலியை முன்கூட்டிச் சொல்லும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் குறைவு.

விரல் படும் ஃப்ரெட்போர்டு மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் மலைகளோடு நேரடித் தொடர்பு அதற்கு உண்டு. தந்தி அழுந்துவது உலோக ஃப்ரெட்டின் மேல். மரத்தை அது தொடுவதுகூட அரிது. எனவே ரோஸ்வுட் வெதுவெதுப்பு, மேப்பிள் பளபளப்பு என்ற பேச்சுக்கு வலு குறைவு. ரோஸ்வுட்டுக்கு உள்ள உண்மையான சிறப்பு வேறு. கன மீட்டருக்கு 830 கிலோகிராம் வரை அடர்ந்த, தன் எண்ணெய்ப் பசையாலேயே வியர்வையைத் தாங்கும் மரம் அது. மேலே வார்னிஷ் பூசத் தேவையில்லை. மேப்பிளுக்குப் பூச்சு வேண்டும். பூசாவிட்டால் சில மாதங்களில் அழுக்கேறிக் கறுத்துவிடும். பிரேசில் ரோஸ்வுட் அருகி, 1992-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ்த் தடை வந்தது. அதற்கு முன்பே அதன் இடத்தை இந்திய ரோஸ்வுட் பிடித்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வதுண்டு. நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ ஒருவர் விரல் வைக்கும் கிடாரில் நம் மலைக்காட்டின் மரம் இருக்க நிறையவே வாய்ப்புண்டு. 2017-இல் ஈட்டி உள்ளிட்ட அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டின் கீழ் வந்ததால், கிடாரை எல்லை தாண்டி விற்பதற்கே ஆவணம் தேவைப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. அந்த இடைவெளியில் விலை குறைந்த கிடார்களில் இந்தியன் லாரல் என்ற பெயரில் ஒரு மரம் நுழைந்து நிலைத்துவிட்டது. நம் ஊரில் கதவும் நிலையும் செய்யப் பயன்படும் கருமருதுதான் அது. ரோஸ்வுட்டிலிருந்து கருமருதுக்கு மாறியதால் ஒலி கெட்டது என்று காதை வைத்து நிறுவியவர் எவரும் இல்லை. நிறம் சற்று வெளிறியிருக்கிறது என்பதே பொதுவான குறை.

ஒலியை மாற்ற விரும்புபவர் கைவைக்க வேண்டிய இடங்கள் மலிவானவை, கைக்கு எட்டுபவை. துருவேறிய தந்தியை மாற்றினால் மேற்சுரங்கள் அன்றைக்கே திரும்பிவிடும். பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகை அரைச் சுற்று திருப்பினால், தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி மாறி ஒலியின் பருமனும் தெளிவும் மாறும். வால்யூம் குமிழின் அடியில் உள்ள மின்தடை ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். இதை இடம் மாற்றிப் பொருத்தினால் ஒலி பளிச்சென்றோ மங்கலாகவோ ஆவதை எவரும் கேட்கலாம். நீளமான கேபிளின் மின்தேக்குத் திறன் உயர் அதிர்வெண்களைத் தின்னும். கடைசியாக வரும் பன்னிரண்டங்குல ஒலிபெருக்கி, சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலானவற்றைத் தானே வெட்டிவிடும். இத்தனை வடிகட்டிகளையும் தாண்டித்தான் உடலின் மரம் தன் பேச்சைக் கேட்கச் செய்ய வேண்டும். டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றைக் காலால் அழுத்திவிட்டால் அந்தப் பேச்சும் அமுங்கிப்போகும்.

ஆகவே கடையில் மரத்தைப் பார்ப்பதாக இருந்தால், ஒலியைத் தவிர்த்த காரணங்களுக்காகப் பார்க்கலாம். எடை முதற்காரணம், இரண்டு மணி நேரம் நின்று வாசிப்பவருக்கு மூன்றேகால் கிலோவுக்கும் நாலரைக் கிலோவுக்கும் உள்ள வேறுபாடு எந்தச் சுரவேறுபாட்டையும்விடப் பெரிது. நெக்கின் நிலைத்தன்மை அடுத்தது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஆண்டு முழுக்க ஈரக்காற்று. வீட்டுக்குள் ஏசி ஓடினால் காற்று வறண்டுவிடும். இந்த இழுபறியில் மரம் விரிந்து சுருங்கி நெக் வளையும், ஃப்ரெட்டின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக் கையைக் கீறும். நார் நெக்கின் நீளத்தோடு நேராக ஓடும்படி அறுத்த மேப்பிளும், காற்றில்லா அறையில் சூடேற்றி ஈரத்தை ஏற்கும் தன்மையைக் குறைத்த மேப்பிளும் இதைக் கூடுதலாகத் தாங்கும். வாங்கும் முன், ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமலேயே, ஆறு தந்திகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே விசையில் மீட்டி, சுரம் எங்கே திடீரென்று சுருங்குகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சுருங்கினால் அது செத்த இடம். பக்கத்து ஃப்ரெட்டுகளிலும் தொடர்ந்து கரகரத்தால் அது பெரும்பாலும் ஃப்ரெட்டுகளின் உயரக் குறை, கைதேர்ந்தவர் ஒருவர் தேய்த்துச் சமன்படுத்தினால் சரியாகிவிடும். முதல் குறை கருவியோடு பிறந்தது. அதே மாடலில் அடுத்த கிடாரைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே அதற்கு வழி.